உங்களுக்குத் தெரியுமா? ஆங்கிலச் சொற்களுக்கு எந்த ஊர்?

பள்ளிக்கூடத்தில் ஆங்கிலச் சொற்களுக்கு எழுத்துக்கூட்டல் சொல்லித் தந்தார்கள், பொருள் சொல்லித் தந்தார்கள். அவை எங்கே பிறந்து யார் கைமாறி வந்தன என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த மொழியைப் பற்றிய பயம் பாதி விலகியது, அனுபவத்தில் சொல்கிறேன்.

● ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபர்டு அகராதியின் சுமார் 80,000 சொற்களைப் பிறப்பிடம் வாரியாகப் பிரித்து, ஃபின்கென்ஸ்டேட், வோல்ஃப் என்ற இருவர் 1973-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பிரெஞ்சிலிருந்து வந்தவை 28.3 சதவீதம். நேரடியாக லத்தீனிலிருந்து வந்தவை 28.24 சதவீதம். கிரேக்கம் 5.32 சதவீதம். பழைய ஆங்கிலம், அதன் பங்காளி மொழிகளான நார்ஸ், டச்சு எல்லாம் சேர்ந்து 25 சதவீதம்தான். அதாவது, ஆங்கில அகராதியில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்த சரக்கு.

● ஆனால் அகராதியை மூடிவிட்டு, ஓர் ஆங்கிலேயர் வாய்திறந்து பேசுவதைக் கேட்டால் கணக்கு தலைகீழாகிறது. அடிக்கடி புழங்கும் முதல் நூறு சொற்களில் ஏறக்குறைய எல்லாமே பழைய ஆங்கிலம் அல்லது நார்ஸ். ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'தி சைல்ட் டிராங்க் மில்க் அண்ட் ஸ்லெப்ட் இன் ஹர் மதர்ஸ் ஆர்ம்ஸ்.' குழந்தை பால் குடித்துவிட்டு அம்மா கையில் தூங்கியது. இதில் ஒரு சொல்கூட வெளியிலிருந்து வந்ததில்லை. இன்னொன்று: 'தி கமிட்டி அப்ரூவ்ட் தி ஃபைனல் பட்ஜெட்.' இதில் 'தி' தவிர மற்ற எல்லாம் லத்தீன், பிரெஞ்சு வழி வந்தவை. தாய்மடிச் சொற்கள் சொந்தம், அலுவலகச் சொற்கள் வரவு. ஆங்கிலத்தின் கட்டுமானம் முழுவதும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருக்கிறது.

● பட்ஜெட் என்றால் என்ன? பழைய பிரெஞ்சில் 'பூஜெட்', சின்னத் தோல்பை. நம்மூர் சுருக்குப்பையின் ஒன்றுவிட்ட தங்கை.

● ஆங்கிலேயர்களின் முன்னோர் இங்கிலாந்தின் மண்ணின் மைந்தர்கள் அல்லர். ரோமானியப் படைகள் கி.பி. 410-ஐ ஒட்டி பிரிட்டனை விட்டுப் போன பிறகு, இன்றைய வடஜெர்மனி, டென்மார்க் கரைகளிலிருந்து ஆங்கிள், சாக்ஸன், ஜூட் இனத்தார் கப்பலேறி வந்தார்கள். ஆங்கிள்கள் பேசியது ஆங்கிலம். அவர்களுக்கு முன்பே அங்கே வாழ்ந்த கெல்ட் மக்களின் சொற்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆங்கிலத்தில் தங்கின. ஊர்ப்பெயர்களிலும் ஆற்றுப்பெயர்களிலும் மட்டும் அவர்கள் குரல் நிறையக் கேட்கிறது. ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரில் ஓடும் ஏவன் ஆற்றின் பெயருக்குக் கெல்ட் மொழியில் 'ஆறு' என்றே பொருள். வந்தேறியவர்கள் 'இது என்ன?' என்று கேட்டிருப்பார்கள், 'ஆறு' என்று இவர்கள் சொல்லியிருப்பார்கள் போலும். 'ரிவர் ஏவன்' என்றால் ஆறு ஆறு.

● மிளகைக் குறிக்கும் 'பெப்பர்' என்ற சொல்லின் வயது ஆங்கிலேயர் இங்கிலாந்தில் குடியேறிய காலத்தை விடவும் அதிகம். அவர்கள் ஐரோப்பியக் கண்டத்தில் இருந்தபோதே ரோமானிய வணிகர்களிடம் 'பிபேர்' என்ற லத்தீன் சொல்லைக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள். லத்தீனுக்கு அது கிரேக்கம் வழியாகப் போனது, கிரேக்கத்துக்கு இந்தியாவின் 'பிப்பலி' என்ற சொல்லிலிருந்து போனது. பிப்பலி நம் திப்பிலி. திப்பிலியின் பெயர் மிளகுக்கு ஒட்டிக்கொண்டது. சேரநாட்டு முசிறியில் மூட்டை மூட்டையாக மிளகு ஏற்றினார்களே, அந்த வணிகத்தின் தடம் இந்தச் சொல். கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட அலாரிக், விலகிப்போவதற்குக் கேட்ட பொருள்களில் 3,000 ராத்தல் மிளகும் ஒன்று. சீஸ், ஒயின், ஸ்ட்ரீட், மைல் ஆகியவையும் இதே காலத்து வரவுகள்தாம்.

● லார்டு என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லாஃப்-வெயார்ட்'. ஹ்லாஃப் என்றால் ரொட்டி, வெயார்ட் என்றால் காவலர். ரொட்டியைக் காப்பவர் லார்டு. மாவு பிசைபவர் லேடி, 'ஹ்லாஃப்-டியே'. சோறு போடுகிறவர்தான் தலைவர் என்று நினைத்த ஒரு குடியானவச் சமூகம் அந்த இரண்டு சொற்களில் அப்படியே இருக்கிறது.

● உறவுமுறைக்கு ஆங்கிலம் பஞ்சப்பட்ட மொழி என்று நாம் சொல்வோம். சித்தப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள், பெரியப்பாவும் அங்கிள். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு நிலைமை அப்படி இல்லை. பழைய ஆங்கிலத்தில் அப்பாவுடன் பிறந்தவர் 'ஃபெடரா', அம்மாவுடன் பிறந்தவர் 'ஏயம்'. அப்பாவின் சகோதரிக்கு 'ஃபாது', அம்மாவின் சகோதரிக்கு 'மோட்ரியே'. நம்மைப் போலவே அவர்களும் அத்தையையும் சித்தியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து இந்த நான்கையும் துடைத்தெடுத்துவிட்டன.

இன்னும் உள்ளே போனால் வேறொன்று கிடைக்கிறது. அங்கிள் என்பதன் லத்தீன் மூலம் 'அவுன்குலஸ்'. அதற்கு அம்மாவின் சகோதரர் என்று மட்டுமே பொருள். ஆன்ட் என்பதன் மூலம் 'அமிதா', அப்பாவின் சகோதரி. ஆக, மூலப்பொருளில் பார்த்தால் அங்கிள் என்பது தாய்மாமன், ஆன்ட்டி என்பது அத்தை. தெருவில் போகிற எல்லோரையும் நம் பிள்ளைகள் அங்கிள், ஆன்ட்டி என்று கூப்பிடுகிறார்களே, அந்தச் சொற்களுக்கு ஒரு காலத்தில் இவ்வளவு கறாரான முறை இருந்தது.

அப்பா, அம்மா, மகன், மகள், அண்ணன் தம்பி ஆகியோரைக் குறிக்கும் சொற்களை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 'சிஸ்டர்' நார்ஸ் மொழி வடிவம்.

● நார்ஸ் என்பது வைக்கிங்குகளின் மொழி. கி.பி. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடாலயத்தைச் சூறையாடினார்கள், அடுத்த தலைமுறைகளில் கிழக்கு இங்கிலாந்தில் குடியேறிப் பெண் எடுத்துப் பெண் கொடுத்து விவசாயம் பார்த்தார்கள். அவர்கள் தந்த சொற்களில் பகட்டு கிடையாது. ஸ்கை, எக், நைஃப், லெக், ஸ்கின், டேக், கெட். 'லா' என்ற சட்டச் சொல்லும் அவர்கள் கொடுத்தது. 'தே', 'தெம்', 'தேர்' ஆகியவையும் அவர்களுடையவை. ஒரு மொழி பிறரிடம் பண்டத்தின் பெயரைக் கடன் வாங்குவது சாதாரணம். 'அவர்கள்' என்ற சொல்லையே கடன் வாங்குவது அபூர்வம். அவ்வளவு நெருங்கி வாழ்ந்திருக்கிறார்கள்.

● விண்டோ என்பதும் நார்ஸ் வரவு. மூலம் 'விண்ட்-அவுகா', காற்றின் கண். தமிழின் பழைய சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் மானின் கண் போன்ற துளைகள் கொண்ட காலதர் வருகிறது. ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் சுவரில் ஒரு திறப்பை வைத்துவிட்டுக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கின்றன. இன்று நாம் சொல்லும் ஜன்னல் போர்ச்சுகீசியரின் 'ஜனெலா'.

● ஷர்ட்டும் ஸ்கர்ட்டும் ஒரே சொல். ஆங்கிலேயர் வாயில் 'ஷ', நார்ஸ்காரர் வாயில் 'ஸ்க'. ஷிப், ஸ்கிப்பர் இரண்டும் அப்படித்தான், ஸ்கிப்பர் மட்டும் டச்சு மாலுமிகள் வழியாக வந்தது. கிரிக்கெட் அணித் தலைவரை ஸ்கிப்பர் என்கிறோமே, அவர் கப்பல்காரர்.

● முட்டை கேட்டு அகப்பட்டுக்கொண்ட ஒரு வணிகரின் கதை, இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சுக்கூடம் வைத்த வில்லியம் காக்ஸ்டன் 1490-இல் எழுதிய ஒரு முன்னுரையில் இருக்கிறது. தேம்ஸ் ஆற்றிலிருந்து நெதர்லாந்துப் பக்கம் புறப்பட்ட கப்பல் காற்றில்லாமல் நின்றுவிட்டது. வணிகர்கள் கரையிறங்கி ஒரு வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் சாப்பிட 'எக்ஸ்' இருக்கிறதா என்று கேட்டார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாள் வீட்டுக்கார அம்மா. வணிகருக்குக் கோபம் வந்துவிட்டது, அவருக்கும் பிரெஞ்சு தெரியாதே! பக்கத்திலிருந்தவர் 'ஐரன்' வேண்டும் என்று சொன்னார், உடனே அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஐரன் என்பது பழைய ஆங்கிலப் பன்மை, எக்ஸ் என்பது வைக்கிங் வாரிசு. ஒரே நாட்டில் இரண்டு முட்டை. இதில் எதை அச்சில் போடுவது என்று காக்ஸ்டன் திகைத்து எழுதியிருக்கிறார். அச்சுப் புத்தகம் வந்துதான் இந்த வழக்குகளில் ஒன்று நிலைத்தது, மற்றது மறைந்தது.

● 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மண்டியின் வில்லியம் வென்றார். அடுத்த முந்நூறு ஆண்டுக்கு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. ஜட்ஜ், ஜூரி, கோர்ட், பிரிசன், டேக்ஸ், கவர்ன்மென்ட், பார்லிமென்ட் எல்லாம் அந்த வாசல் வழியாக நுழைந்தவை. நீதிமன்றத்தில் வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1362-இல் சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டது.

● ஆங்கிலத்தில் தொழுவத்தில் நிற்கும்போது கவ், தட்டில் வந்தால் பீஃப். மேயும்போது ஷீப், வெந்த பிறகு மட்டன். பன்றிக்கும் அப்படியே, பிக் – போர்க். மேய்த்தவன் ஆங்கிலேயன், தின்றவன் பிரெஞ்சு பேசிய நார்மன் என்ற விளக்கத்தை வால்டர் ஸ்காட் தன் 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு கோமாளியின் வாயில் வைத்துப் பிரபலமாக்கினார். விளக்கத்தில் உண்மை உண்டு, முழுக்க உண்மை என்று சொல்ல முடியாது. பல நூற்றாண்டுகள் வரை உயிரோடு இருந்த மாட்டையும் பீஃப் என்று எழுதியிருக்கிறார்கள். தொழுவத்துக்கு ஒன்று, தட்டுக்கு ஒன்று என்ற சுத்தமான பாகப்பிரிவினை பின்னால் மெல்ல அமைந்ததுதான்.

● மின்விசிறி வாங்கப் போனால் 'வாரண்டியா, கேரண்டியா?' என்று கேட்டு வாங்குகிறோம். இரண்டும் பிறப்பில் ஒன்றே. நார்மண்டிப் பிரெஞ்சில் 'வ' என்று ஒலித்தது, பாரிஸ் பக்கத்துப் பிரெஞ்சில் 'க' ஆயிற்று. ஆங்கிலம் முதலில் ஒன்றை வாங்கியது, பிறகு மற்றதையும் வாங்கி இரண்டுக்கும் வேறு வேறு வேலை கொடுத்தது. வார்டன் – கார்டியன், வார்டு – கார்டு எல்லாம் இதே ஜோடி.

● வில் அண்ட் டெஸ்டமென்ட், லா அண்ட் ஆர்டர், பிரேக்கிங் அண்ட் என்டரிங். வக்கீல்கள் ஏன் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்கிறார்கள்? ஒரு சொல் ஊரார் காதுக்கு, மறு சொல் பிரெஞ்சு பழகிய நீதிமன்றக் காதுக்கு. நாம் 'நடுசென்டர்' என்கிறோமே, அந்த மாதிரி. அவர்களுடையது பத்திரத்தில் ஏறிவிட்டது.

● கிழமைப் பெயர்களில் ஆங்கிலமும் தமிழும் ஒரே வரிசையில் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? கிரகங்களின் பெயரைக் கிழமைகளுக்கு வைத்த முறை ரோமானியர் வழியாக ஜெர்மானிய இனங்களுக்குப் போனபோது, அவர்கள் ரோமானியக் கடவுளுக்குப் பதில் தங்கள் கடவுளை உட்காரவைத்தார்கள். போர்க்கடவுளான செவ்வாய்க்குப் பதில் டீவ், அதனால் டியூஸ்டே. புதனுக்குப் பதில் வோடன், வெட்னஸ்டே. வியாழனுக்குப் பதில் இடியின் கடவுள் தோர், தர்ஸ்டே. வெள்ளிக்குப் பதில் ஃபிரிக், ஃபிரைடே. சனிக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. சாட்டர்ன் அப்படியே தங்கிவிட்டார். சாட்டர்டே, சனிக்கிழமை.

● எழுத்துக்கூட்டலில் பிள்ளைகள் அடிவாங்கிய இடங்களுக்குக் கொஞ்சம் வருவோம். கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உச்சரிக்காத ஒரு 'பி' இருக்கிறது. அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதில் 'பி' இல்லை. லத்தீனில் 'டெபிட்டும்' என்று இருக்கிறதே என்று படித்தவர்கள் பிற்பாடு செருகினார்கள். 'டவுட்' சொல்லிலும் இதே செருகல். 'ஐலண்ட்' இன்னும் மோசம். அது அசல் பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் 'இன்சுலா'விலிருந்து வந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லின் உறவு என்று தவறாக நினைத்து 16-ஆம் நூற்றாண்டில் ஓர் 'எஸ்' போட்டார்கள். தவறு என்று தெரிந்த பிறகும் அந்த எழுத்து போகவில்லை. 'நைட்' என்ற வீரனின் பெயர் 'கே' எழுத்தில் தொடங்குவது மட்டும் நியாயமானது. ஒரு காலத்தில் அந்த 'க்' ஒலியையும் நடுவில் உள்ள எழுத்துகளையும் நிஜமாகவே உச்சரித்தார்கள். ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. இந்தக் குளறுபடிக்காகப் பிரம்படி பட்ட அத்தனை பிள்ளைகளுக்கும் இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். தப்பு அவர்கள் மேல் இல்லை.

● கிரிக்கெட்டின் அம்பயர் முதலில் 'நம்பயர்'. பழைய பிரெஞ்சில் 'நோன்பர்', ஜோடி சேராதவர், இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர். 'எ நம்பயர்' என்று சொன்னது காதில் 'அன் அம்பயர்' என்று விழுந்து 'ந' கழன்றுபோனது. ஏப்ரனும் இதே விபத்தில் 'ந'வை இழந்தது. நிக்நேம் நேர்மாறாக ஒன்றைச் சம்பாதித்தது. அது 'ஈக்-நேம்', கூடுதல் பெயர். 'அன்' என்பதன் கடைசி ஒலி அதன் தலையில் ஏறிக்கொண்டது.

● நைஸ் என்றால் முதலில் அறிவில்லாதவர். சில்லி என்றால் பாக்கியம் பெற்றவர். கேர்ல் என்றால் ஆணோ பெண்ணோ, ஒரு பிள்ளை. டியர் என்றால் மான் இல்லை, எந்த விலங்கும்.

● இலெவன் என்றால் 'ஒன்று மிச்சம்', ட்வெல்வ் என்றால் 'இரண்டு மிச்சம்'. பத்து விரலையும் எண்ணி முடித்த பிறகு மிஞ்சியது.

● இனி நம் கணக்குக்கு வருவோம். கட்டுமரம் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது எல்லோரும் அறிந்தது. 1697-இல் வெளியான வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் வந்துவிட்டது. ஆனால் இன்று ஆங்கிலத்தில் கேட்டமரான் என்றால் இரண்டு உடல் கொண்ட, பாய் விரித்த உல்லாசப் படகு. நம் கடற்கரையில் கட்டுமரம் என்பது வேறு. சீவிய மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். ஆணி கிடையாது, உள்ளே குழிவு கிடையாது. அலை மேலே ஏறி இடுக்குகள் வழியே வழிந்து போய்விடும். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். 'கட்டு' என்ற சொல்லுக்கு அங்கேதான் அர்த்தம். பெயர் உலகம் சுற்றியது, கயிறும் மரமும் நம் கரையிலேயே நின்றுவிட்டன.

● கறி 'கறி'யாகவே போனது. 1747-இல் ஹன்னா கிளாஸ் என்ற அம்மையார் இங்கிலாந்தில் வெளியிட்ட சமையல் நூலில் இந்திய முறையில் கறி சமைக்கும் குறிப்பு இருக்கிறது. பழந்தமிழில் கறி என்றால் மிளகும்தான். மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' என்ற சூப் ஆனது. சுருட்டு 'ஷெரூட்' ஆனது. குருந்தக்கல் 'கொரண்டம்' ஆனது. மாங்காய் போர்ச்சுகீசியர் வாய் வழியாக 'மேங்கோ'. 'ஜிஞ்சர்' என்பதன் ஆதியில் நம் இஞ்சிவேர் இருக்கிறது என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பலரின் முடிவு.

● 'கேஷ்' மட்டும் நம்முடையது இல்லை. காசிலிருந்துதான் கேஷ் வந்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள், பாடநூலைப் போல நம்புகிறோம். ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பணப்பெட்டி என்ற பொருளுடைய பிரெஞ்சு 'கெஸ்'ஸிலிருந்து வந்தது, அதன் மூலம் லத்தீன் 'காப்சா', பெட்டி. தென்னிந்திய, சீனச் சிறு நாணயத்தைக் குறிக்கும் இன்னொரு கேஷ்தான் நம் காசு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மதராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். அந்தச் சின்னக் காசு நமக்குரியது, பெரிய ரொக்கம் பிரெஞ்சுக்காரருக்குரியது. உண்மையாக நம்முடையவையே இத்தனை இருக்கும்போது இல்லாததற்கு உரிமை கொண்டாட வேண்டியதில்லை. 'டெலே' என்ற கிரேக்கச் சொல்லும் நம் 'தொலை'யும் ஒலியில் ஒத்திருப்பதும் தற்செயல்தான்.

● ஒரு சொல்லைப் பற்றி வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. பறை என்ற இசைக்கருவியோடு சேர்ந்த ஒரு மக்களின் பெயர் ஆங்கிலத்துக்குள் 'பரையா' என்று போய், 'எல்லோராலும் ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் இன்றும் பத்திரிகைத் தலைப்புகளில் அச்சாகிறது. ஒரு நாட்டைத் திட்ட வேண்டுமா, அந்தச் சொல். ஒரு தலைவரைத் திட்ட வேண்டுமா, அதே சொல். தமிழ் ஆங்கிலத்துக்குக் கொடுத்த சொற்களின் பட்டியலில் இதையும் சேர்த்துப் பெருமைப்பட எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் தமிழர்களாவது அதைக் கைவிட வேண்டும்.

● நம் சொற்களைத் தேடிப் பிடித்தவர்களில் ஏ. சி. பர்னெல் முக்கியமானவர். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர், தஞ்சாவூர் அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். ஹென்றி யூலுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் கலந்த இந்திய, ஆசியச் சொற்களைத் தொகுத்தார். 'ஹாப்சன்–ஜாப்சன்' என்ற அந்த அகராதி 1886-இல் வந்தது. பர்னெல் 1882-லேயே இறந்துவிட்டார்.

● சீனாவின் ஃபுஜியன் கரையில் 'தே' என்று சொன்னார்கள், அங்கிருந்து டச்சுக் கப்பலில் ஐரோப்பா போய் 'டீ' ஆனது. தேயிலை, தேநீர், இலங்கைத் தமிழரின் தேத்தண்ணி எல்லாவற்றின் முதலெழுத்திலும் அந்தத் 'தே' இருக்கிறது. நிலவழியில் போனது 'சாய்'. மேகஸின் அரபியின் 'மக்ஸன்', கிடங்கு. 1731-இல் எட்வர்டு கேவ் லண்டனில் தொடங்கிய 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்'தான் பத்திரிகைக்கு அந்தப் பெயரைத் தந்தது. ரோபோ, செக் நாடகாசிரியர் காரல் சாப்பெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து, கட்டாய வேலை என்று பொருள்.

● கங்காரு என்றால் 'எனக்குப் புரியவில்லை' என்று பொருள் என ஒரு கதை உலகமெங்கும் சுற்றுகிறது. பொய். 1770-இல் கேப்டன் குக்கின் கப்பல் ஆஸ்திரேலியாவில் தங்கியபோது குகு இமிதிர் மக்களிடம் கேட்ட 'கங்குரு' என்பது ஒரு வகைக் கங்காருவின் அசல் பெயர். அந்த மக்கள் கேள்விக்குச் சரியான விடைதான் சொன்னார்கள். அவர்களை ஏதும் தெரியாதவர்களாகக் காட்டும் கதையை நாமும் பரப்பக் கூடாது.

● வெளிச்சொல் வேண்டாம் என்றவர்கள் ஆங்கிலத்திலும் உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஜான் சீக், பைபிளின் மத்தேயு பகுதியை மொழிபெயர்த்தபோது நூறு வீரர்களின் தலைவரான 'செஞ்சூரியன்' என்பதற்கு 'ஹண்ட்ரெடர்' என்று போட்டார். 19-ஆம் நூற்றாண்டில் டார்செட் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் கிராமருக்கு 'ஸ்பீச்-கிராஃப்ட்' என்றார், 1878-இல் அந்தப் பெயரிலேயே புத்தகம் போட்டார். ஃபோட்டோகிராஃபுக்கு 'சன்-பிரின்ட்'. எவ்வளவு அழகான சொல்! ஆங்கிலேயர் ஏற்கவில்லை. 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் முயற்சியின் பலனை நாம் நாள்தோறும் பேசுகிறோம், எழுதுகிறோம். இங்கே அது வேர் பிடித்தது, அங்கே பிடிக்கவில்லை.

● 'டோர்ட்' என்று ஒரு சொல் இல்லவே இல்லை. ஆனாலும் 1934-இல் வந்த வெப்ஸ்டர் பேரகராதியில் அதற்கு 'அடர்த்தி' என்று பொருள் போட்டிருந்தது. பெரிய 'டி' அல்லது சின்ன 'டி' என்பது அடர்த்தியின் சுருக்கக் குறி என்று வேதியியல் ஆசிரியர் ஒரு சீட்டு எழுதி அனுப்பினார். 'டி ஆர் டி' என்ற அந்த எழுத்துகளை யாரோ ஒரே சொல்லாகப் படித்துவிட்டார்கள். 1939-இல் ஓர் ஆசிரியர் கண்ணில் பட்டது. எப்படிப் பட்டது தெரியுமா? எல்லாச் சொல்லுக்கும் பக்கத்தில் பிறப்பிடம் போட்டிருந்தது, இதற்கு மட்டும் போடவில்லை.

● ஆக்ஸ்ஃபர்டு பேரகராதியில் நேர்ந்தது இதற்கு எதிர்மாறு. பத்து ஆண்டில் முடிப்பதாகத் திட்டம். 1879-இல் ஆசிரியர் பொறுப்பேற்ற ஜேம்ஸ் மர்ரே, புத்தகம் படித்துச் சொற்களைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டார். தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகையில், புறாக்கூடு போன்ற அறைகளில் சீட்டுகள் குவிந்தன. ஐந்து ஆண்டு உழைத்து 1884-இல் முதல் பகுதி வந்தபோது 'ஆன்ட்' என்ற எறும்பு வரைக்கும்தான் வர முடிந்தது. மர்ரே 1915-இல் இறந்தார், அகராதி 1928-இல் நிறைவடைந்தது, 4,14,825 சொற்கள். இதில் 'பாண்ட்மெய்ட்' என்ற சொல்லுக்கான சீட்டு எங்கோ தொலைந்து, அடிமைப் பெண்ணைக் குறிக்கும் அந்தச் சொல் அச்சில் விடுபட்டுப் போயிற்று. 1933-இன் இணைப்புத் தொகுதியில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது.

● நல்ல ஆங்கில அகராதி எதிலும் சொல்லுக்குப் பக்கத்திலோ பொருளின் முடிவிலோ, அடைப்புக்குறிக்குள் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். சொல் எந்த மொழியிலிருந்து எந்த வழியாக வந்தது என்று அதில் போட்டிருக்கும். வீட்டுப் பிள்ளை அடுத்த முறை அகராதியைத் திறக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த வரியையும் சேர்த்துப் படியுங்கள்.